தண்ணீர் வகுத்த தோட்டம்

இன்று நான் எடுத்துக்கொண்டிருக்கும் பொருள் பாரசீகத் தோட்டம். ஈரானில் உள்ள பழந்தோட்டங்களை எப்படிப் பார்ப்பது, அவற்றின் அமைப்பில் எதைக் கண்டு வியப்பது என்பதுதான் பேச்சு. தோட்டம் என்றதும் ரோஜாவைப் பற்றியும் குயிலைப் பற்றியும் கேட்கலாம் என்று வந்தவர்கள் இருந்தால், முன்கூட்டியே மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். இன்றைய பேச்சில் பூவுக்கு இடம் கொஞ்சம்தான். பேச்சு முழுக்கத் தண்ணீர்தான் ஓடும். ஏனென்றால் என் கட்சி இது: ஒரு பாரசீகத் தோட்டத்தின் மதில், நடைபாதை, மரவரிசை, தடாகம், மண்டபம், அந்த மண்டபத்தில் அமர்ந்திருப்பவரின் பார்வை செல்லும் திசை, இவை அத்தனையும் ஒரே கேள்விக்குக் கிடைத்த விடைகள். தொலைவிலிருந்து அரும்பாடுபட்டுக் கொண்டுவந்த கொஞ்சத் தண்ணீரை எப்படிச் செலவழிப்பது என்பதே அந்தக் கேள்வி. கேள்வியைத் தெரிந்துகொள்ளாமல் விடைகளை மட்டும் பார்த்துவிட்டு வருகிறவர் அழகைப் பார்த்திருப்பார்; அறிவைப் பார்த்திருக்க மாட்டார்.

எங்கிருந்து தொடங்கலாம்? எல்லாம் அழிந்துபோன ஓர் இடத்திலிருந்து தொடங்குவோம். ஷீராஸ் நகருக்கு வடகிழக்கே பசர்காதே என்ற ஊர் இருக்கிறது. பாரசீகப் பேரரசை நிறுவிய சைரஸ் கி.மு. 6-ஆம் நூற்றாண்டில் எழுப்பிய தலைநகரம் அது. இன்று அங்கே அவருடைய கல்லறை நிற்கிறது. அரண்மனைத் தூண்களின் அடிக்கற்கள் கிடக்கின்றன. மற்றபடி காற்றும் வெட்டவெளியும்தான். 1961 முதல் 1963 வரை டேவிட் ஸ்ட்ரோனாக் என்ற பிரிட்டிஷ் தொல்லியலாளர் அந்த மண்ணைத் தோண்டினார். அவருக்கு என்ன கிடைத்தது? மரமா? வேரா? ஒன்றும் இல்லை. செதுக்கிய சுண்ணாம்புக்கல் வாய்க்கால்கள் கிடைத்தன. நூல் பிடித்தாற்போல் நேராக ஓடி, செங்கோணத்தில் திரும்பி, மறுபடியும் நேராக ஓடும் குறுகிய வாய்க்கால்கள். இடையிடையே சதுரமான சிறு கல்தொட்டிகள். அரண்மனைத் தாழ்வாரத்தில் அரியணை இருந்ததாக அவர் கருதிய இடத்தையும் இந்த வாய்க்கால்களையும் சேர்த்துப் பார்த்து, இங்கே ஓர் அரச தோட்டம் இருந்தது என்று அவர் நிறுவினார். அது நான்கு பாத்திகளாகப் பிரிந்திருந்தது என்று அவர் சொன்னதை எல்லா அறிஞரும் ஏற்கவில்லை. ஆனால் அது தோட்டம் என்பதில் ஐயம் இல்லை. பாருங்கள்: மரம் போயிற்று, பூ போயிற்று, பேரரசே போயிற்று, இரண்டாயிரத்து ஐந்நூறு ஆண்டுக்குப் பின் மிஞ்சி நின்றது வாய்க்கால். வாய்க்காலை வைத்துத் தோட்டத்தை மீட்டெடுக்க முடிகிறது என்றால், தோட்டத்தின் எலும்புக்கூடு எது என்று வேறு சான்று வேண்டுமா?

சரி, ஏன் தண்ணீர் இவ்வளவு அதிகாரம் பெற்றது? அதற்கு அந்த நாட்டின் நடுப் பீடபூமியை மனத்தில் கொண்டுவர வேண்டும். யாஸ்த் நகரத்தில் ஓராண்டு முழுவதும் பெய்யும் மழை 100 மில்லிமீட்டரைக்கூட எட்டாது. நம் ஊரில் ஐப்பசி மழை ஒரே இரவில் கொட்டிவிட்டுப் போகிற அளவு அது. பெரிய ஆறுகள் இல்லை. இருக்கிற ஆறுகளும் உப்பு நிலத்தில் போய் முடிந்துவிடும். ஆனால் மலைகள் உண்டு. மலைகளில் பனி உண்டு. பனி உருகி மலையடிவாரத்துச் சரளை மண்ணுக்குள் இறங்கிப் போகிறது. அந்த நீரைத் தோண்டி மேலே இறைப்பதற்குப் பதிலாக, மண்ணுக்கு அடியிலேயே நடத்திக் கூட்டிவர அந்த மக்கள் ஒரு வழி கண்டார்கள். அதற்குக் கனாத் என்று பெயர்.

கனாத்தைப் புரிந்துகொள்ளாமல் தோட்டத்தைப் புரிந்துகொள்ள முடியாது என்பதால் இங்கே கொஞ்சம் நிற்போம். மலையடிவாரத்தில் நீர் தட்டுப்படும் வரை ஓர் ஆழமான கிணறு வெட்டுகிறார்கள், அது தாய்க்கிணறு. அந்தக் கிணற்றின் அடியிலிருந்து ஊரை நோக்கி ஒரு சுரங்கம். நிலம் சரிவதைவிடச் சுரங்கம் மெல்லச் சரிய வேண்டும். அப்போதுதான் பல கிலோமீட்டர் தள்ளி ஓரிடத்தில் சுரங்கத்தின் வாய் தரைமட்டத்துக்கு வந்து திறக்கும், தண்ணீர் தானாக வெளியே வரும். சரிவு கூடிவிட்டால் ஓடும் நீர் சுரங்கத்தையே அரித்துவிடும். குறைந்துவிட்டால் நீர் தேங்கி வண்டல் படியும். மண்ணை வெளியேற்றவும் உள்ளே வேலை செய்கிறவர் மூச்சு விடவும் வழி நெடுக மேலிருந்து குழிகள் இறக்குகிறார்கள். இந்த வேலை செய்கிறவருக்கு முகன்னி என்று பெயர். எண்ணெய் விளக்கின் வெளிச்சத்தில் இருட்டுக்குள் குனிந்தபடி, கையளவு மட்டப்பலகையையும் நூலையும் நம்பிக் கிலோமீட்டர் கணக்கில் சரிவு தவறாமல் வெட்டிக்கொண்டு போன மனிதர் அவர். கொனாபாத் என்ற ஊரின் கனாத் 33 கிலோமீட்டர் நீளம். அதன் தாய்க்கிணறு 300 மீட்டருக்கும் மேல் ஆழம். தோட்டக் கலையின் வரலாற்றில் அரசர்களின் பெயர் இருக்கிறது. முகன்னிகளின் பெயர் இல்லை. ஈரானுக்குப் போக முடியாதவர்கள் இதே முறையை இந்தியாவிலேயே பார்க்கலாம்: கர்நாடகத்தில் பீதர், மத்தியப் பிரதேசத்தில் புர்ஹான்பூர்.

இப்போது ஒரு முக்கியமான செய்தி. கனாத்துக்கு மூடி கிடையாது. கிணறு என்றால் வேண்டும்போது இறைக்கலாம், வேண்டாதபோது விட்டுவிடலாம். ஏரி என்றால் மதகை அடைத்து வைக்கலாம். கனாத் அப்படியில்லை. பகலிலும் ஓடும், இரவிலும் ஓடும். பயிர் இருக்கும்போதும் ஓடும், இல்லாதபோதும் ஓடும். நீர் கொஞ்சம், ஆனால் நிற்காது. இந்த இரண்டு குணங்களையும் சேர்த்து வைத்துப் பாருங்கள். தோட்டத்தின் அமைப்பு முழுவதும் அதிலிருந்து ஒன்றன்பின் ஒன்றாகப் பிறப்பதைக் காணலாம். நீர் நிற்காது என்பதால் இரவு நீரைச் சேர்த்து வைக்க ஓரிடம் வேண்டும், அதுதான் தடாகம். நீர் கொஞ்சம் என்பதால் வழியில் வீணாகக் கூடாது. அதனால்தான் வாய்க்கால் வளையாமல், நெளியாமல், கல்லோ ஓடோ பதித்து நேராக ஓடுகிறது. நேர்வாய்க்காலின் இருமருங்கிலும் நடைபாதை வருகிறது. அதுதான் தோட்டத்தின் நடுவச்சு. கிளை வாய்க்கால்கள் செங்கோணத்தில் பிரிகின்றன. அவற்றுக்கு இடையில் பாத்திகள் விழுகின்றன. பாத்திகள் நடைபாதையைவிடத் தாழ்ந்திருக்கின்றன. மடையைத் திறந்துவிட்டால் நீர் தானே பாய்ந்து நிறைகிறது. பாத்தி தாழ்ந்திருப்பதால், மேலே நடப்பவரின் காலடியில் மாதுளையும் ரோஜாவும் விரிப்பு விரித்தாற்போல் தெரிகின்றன. பாசன வசதிக்காகச் செய்தது கண்ணுக்கு விருந்தாகவும் முடிகிறது. வெயில் நீரைக் குடித்துவிடக் கூடாது என்பதால் வாய்க்கால் ஓரமாகச் சினார், சைப்ரஸ் மரங்கள். உப்புக் காற்றும் மணலும் உள்ளே வரக் கூடாது என்பதால் உயர்ந்த மண்மதில். நட்டதெல்லாம் நிழலுக்கு மட்டும் என்று எண்ணிவிடாதீர்கள். மாதுளை, அத்தி, பாதாம், மல்பெரி என்று பாதித் தோட்டம் பழத்தோட்டம். குடித்த தண்ணீருக்குக் கணக்குக் காட்டாத மரத்துக்கு அங்கே இடம் கிடைப்பது கடினம்.

இந்தக் கணக்கைக் கண்ணால் பார்க்கச் சிறந்த இடம் காஷான் நகருக்கு அருகிலுள்ள ஃபின் தோட்டம். 16-ஆம் நூற்றாண்டின் இறுதியில், பாரசீக மன்னர் முதலாம் ஷா அப்பாஸ் காலத்தில் உருப்பெற்றது. 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மன்னர் ஃபத் அலி ஷா அதை விரிவாக்கினார். பரப்பு 2.3 ஹெக்டேர், ஆறு ஏக்கருக்கும் குறைவு. வெளியே பழுப்பு நிற வெறுமை. உள்ளே நுழைந்ததும் காது முதலில் நிறைகிறது, பிறகுதான் கண். நீலப் பச்சை ஓடு பதித்த வாய்க்கால்களில் வரிசை வரிசையாகச் சிறு நீர்த்தாரைகள் கொப்புளித்துக்கொண்டிருக்கின்றன. அங்கே மின்மோட்டார் இல்லை, இயந்திரம் இல்லை. பிறகு எப்படித் தண்ணீர் மேலே எழும்புகிறது? தோட்டத்துக்குப் பின்னால் உயர்ந்த சரிவில் சுலைமானியா என்ற ஊற்று இருக்கிறது. ஊற்று நீரை ஒரு பெரிய தொட்டியில் சேர்த்து, அங்கிருந்து மண்ணுக்கடியில் பதித்த சுட்ட மண்குழாய்கள் வழியே கீழே அனுப்புகிறார்கள். மேட்டிலிருந்து இறங்கும் நீரின் அழுத்தம்தான் தாரையாக எழுகிறது. தாரை எழும்பும் உயரம் அதிகம் இல்லை. ஒரு சாண், இரண்டு சாண். ஐரோப்பிய அரண்மனைகளின் வானளாவிய நீரூற்றுகளைப் பார்த்தவர்களுக்கு இது சிறுபிள்ளை விளையாட்டாகத் தோன்றலாம். ஆனால் யோசியுங்கள். வறண்ட காற்றில் நீரை உயரே வீசினால் பாதி ஆவியாகிப் போகும். தாழ எழும்பி, சலசலத்து, அதே வாய்க்காலில் விழுந்து, அடுத்த பாத்திக்குப் போகிற நீர், ஒலியையும் கொடுக்கிறது, குளிர்ச்சியையும் கொடுக்கிறது, பாசனத்துக்கும் குறைவில்லாமல் போய்ச் சேர்கிறது. ஒரே நீருக்கு மூன்று வேலை. ஓட்டின் நிறத்தையும் கவனியுங்கள். ஆழம் குறைந்த வாய்க்காலில் நீலம் பதித்துவிட்டால் கணுக்கால் அளவு நீரும் ஆழமாகத் தெரியும். இருப்பது குறைவு, தோற்றம் நிறைவு. இதே ஃபின் தோட்டத்தின் குளியலறையில்தான் 1852 ஜனவரியில் சீர்திருத்தவாதியான முன்னாள் பிரதமர் அமீர் கபீர் அரச ஆணையால் கொல்லப்பட்டார். அதனால் வருகிறவர்கள் அந்தக் குளியலறையைத் தேடிப் போகிறார்கள். வரலாற்றை மதிப்பது நல்லதுதான். ஆனாலும் கொலை நடந்த அறைக்குக் கிடைக்கிற கவனத்தில் பத்தில் ஒரு பங்கு மண்குழாய்க்கும் கிடைத்தால் தேவலை.

கெர்மான் அருகே மாஹானில் இருக்கும் ஷாஸ்தே தோட்டம் வேறொரு பாடம். 19-ஆம் நூற்றாண்டுத் தோட்டம் அது. 400 மீட்டருக்கு மேல் நீளம், 120 மீட்டர் அளவு அகலம். மலைச்சரிவில் படிப்படியாக இறங்கும் நீண்ட செவ்வகம். பாரசீகத் தோட்டத்துக்கு வழக்கமாகச் சொல்லப்படும் நான்கு பாத்தி, குறுக்கு வாய்க்கால் என்ற வாய்ப்பாடெல்லாம் இங்கே இரண்டாம்பட்சம். நடுவே ஒரே கோடு, அந்தக் கோட்டில் அருவி அருவியாக நீர். கீழ்க்கோடியில் வாயில், மேல்கோடியில் மாளிகை. நுழைகிறவர் நீரை எதிர்கொண்டு மேலே ஏறுகிறார். நீர் அவரை எதிர்கொண்டு கீழே இறங்குகிறது. சரிவு அதிகம் கிடைத்த இடத்தில் தோட்டக்காரர் சரிவை மறைக்கவில்லை, அதையே காட்சியாக்கினார். தோட்டம் கட்டிக்கொண்டிருந்த ஆளுநர் இறந்த செய்தி வந்ததும் கொத்தனார்கள் கையிலிருந்ததைப் போட்டுவிட்டுப் போய்விட்டார்கள் என்று ஊரில் சொல்வார்கள். கதை எப்படியோ, வாயில் முகப்பில் ஓடு பதிக்க விட்ட இடங்கள் இன்றும் காலியாகத்தான் இருக்கின்றன. நீர்வழி மட்டும் முழுமையாக முடிந்திருக்கிறது. முதலில் எதைச் செய்தார்கள், கடைசிக்கு எதை ஒத்திவைத்தார்கள் என்பதைக் கட்டடமே சொல்லிவிடுகிறது.

யாஸ்தின் தவ்லதாபாத் தோட்டத்தில் நீரோடு காற்றும் கைகோத்துக்கொள்கிறது. 18-ஆம் நூற்றாண்டின் நடுவில் கட்டிய அந்த மண்டபத்தின் மேல் 33 மீட்டருக்கு மேல் உயர்ந்த எண்கோணக் காற்றுக்கோபுரம் நிற்கிறது. உயரத்தில் வீசும் காற்றைப் பிடித்துக் கீழே இறக்கி, மண்டபத்துக்குள் இருக்கும் நீர்த்தொட்டியின் மேல் படரவிடுகிறது. காற்று குளிர்கிறது, அறை குளிர்கிறது. மெஹ்ரிஸில் உள்ள பஹ்லவான்பூர் தோட்டத்திலோ கனாத் நீர் தோட்டத்துக்குள் வந்து, மண்டபத்தைக் கடந்து, வெளியேறி, அடுத்தவர் நிலத்துக்குப் போய்விடுகிறது. அங்கே தோட்டக்காரர் நீரின் உடைமையாளர் அல்லர். வழியில் நிற்கும் ஒரு விருந்தோம்பி. ஷீராஸின் இராம் தோட்டத்தையும் பிர்ஜந்தின் அக்பரியா தோட்டத்தையும் நேரம் கருதி விட்டுவிடுகிறேன். அவற்றில் மாளிகையின் அழகு தோட்டத்தைச் சற்று விழுங்கிவிடுகிறது என்பது என் எண்ணம்.

இவ்வளவும் கேட்டபின், ஒரு தோட்டத்துக்குள் போனால் என்ன செய்ய வேண்டும் என்று கேட்கலாம். 17-ஆம் நூற்றாண்டில் ஈரானில் பல ஆண்டுகள் தங்கியிருந்த பிரெஞ்சு வணிகர் ஜான் ஷார்தான் ஒன்றைக் கவனித்து எழுதியிருக்கிறார். ஐரோப்பியர்களைப் போலப் பாரசீகர்கள் தோட்டத்தில் உலாவுவதில்லை. உள்ளே வந்ததும் ஓரிடம் பார்த்து அமர்கிறார்கள். கிளம்பும் வரை அந்த இடத்தைவிட்டு எழுந்திருப்பதில்லை என்கிறார். கொஞ்சம் கேலியாகத்தான் எழுதினார். ஆனால் தம்மை அறியாமல் தோட்டத்தின் திறவுகோலை நம் கையில் கொடுத்துவிட்டார். அந்தத் தோட்டத்தில் நகர வேண்டியது நாம் அல்ல; நீர். மண்டபம் என்பது நீர் நம்மை நோக்கி வருவதை, அல்லது நம்மிடமிருந்து விலகிச் செல்வதை, அமர்ந்து பார்ப்பதற்கான இடம். இஸ்ஃபஹானில் இரண்டாம் ஷா அப்பாஸ் 1647-இல் கட்டி முடித்த செஹெல் சொதூன் மண்டபத்தில் இருபது மரத்தூண்கள். முன்னால் நீண்ட தடாகம். தூண்கள் நீரில் இரட்டிப்பாவதை எல்லா வழிகாட்டியும் சொல்வார், எல்லாரும் படம் எடுப்பார்கள். ஆனால் தடாகத்தின் மறுமுனையில் நின்று படம் எடுப்பதற்காக அது கட்டப்படவில்லை. தூண்களுக்கு நடுவே, நிழலில் அமர்ந்து, அசையாத நீரில் வானத்தைப் பார்ப்பதற்காகக் கட்டப்பட்டது. கைப்பேசியை உள்ளே வைத்துவிட்டு அரை மணி நேரம் உட்காருங்கள். கட்டியவர் நினைத்த தோட்டம் அப்போதுதான் திறக்கும்.

இனி மறுப்புகளுக்கு வருவோம். மறுப்பு இல்லாத வாதம் சுவைக்காது.

முதல் மறுப்பு பக்தியுள்ளவர்களிடமிருந்தும் கலை வரலாற்றாசிரியர்களிடமிருந்தும் வரும். இந்தத் தோட்டம் சொர்க்கத்தின் உருவம் அல்லவா? திருக்குர்ஆன் சொல்லும் சுவனத்தில் நீர், பால், மது, தேன் என்று ஆறுகள் ஓடுகின்றன அல்லவா? நான்கு வாய்க்கால்கள் அவற்றின் சின்னம் அல்லவா? அப்படியிருக்க, எல்லாவற்றையும் பாசனக் கணக்காகச் சுருக்கிவிடலாமா? நியாயமான கேள்வி. பிற்காலத்தில் தோட்டம் கட்டியவர்கள் பலர் சொர்க்கத்தை மனத்தில் வைத்தே கட்டினார்கள் என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் காலத்தைப் பாருங்கள். பசர்காதேயின் கல்வாய்க்கால்கள் இஸ்லாம் தோன்றுவதற்கு ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கும் முற்பட்டவை. வடிவம் முன்னே வந்தது, பொருள் பின்னே வந்து அதில் குடியேறியது. இன்னொன்றையும் பாருங்கள்: ஷாஸ்தே தோட்டத்தில் நான்கு ஆறு எங்கே இருக்கிறது? ஒரே கோடுதான். சின்னம் தீர்மானித்திருந்தால் எல்லாத் தோட்டமும் நான்காகப் பிரிந்திருக்க வேண்டும். நிலமும் நீரும் தீர்மானித்ததால்தான் ஒவ்வொன்றும் ஒரு விதம். தாகம் தெரிந்தவர்கள் சொர்க்கத்தை ஆறுகளால் நிரப்புவதில் வியப்பு என்ன இருக்கிறது?

இரண்டாவது மறுப்பு இன்னும் கூர்மையானது. நீர்ப்பஞ்சம்தான் வடிவத்தைப் படைத்தது என்றால், மழை கொட்டுகிற இடத்தில் அதே வடிவம் எப்படி வந்தது? காஸ்பியன் கடலோரம், மசந்தரான் காடுகளில், பெஹ்ஷஹர் அருகே அப்பாஸாபாத் தோட்டம் இருக்கிறது. முதலாம் ஷா அப்பாஸ் 17-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமைத்தது. சுற்றிலும் அடர்ந்த காடு. நடுவே அணைகட்டித் தேக்கிய ஏரி. ஏரிக்கு நடுவில் செங்கல் கட்டடம். தாகமே இல்லாத நிலத்தில் தாகத்தின் கலை! இதை நான் மழுப்பப் போவதில்லை. அப்பாஸாபாத் என் வாதத்துக்கு வசதியான தோட்டம் அல்ல. வறண்ட பீடபூமியில் இரண்டாயிரம் ஆண்டு பழகிய கையும் கண்ணும், அரசரின் விருப்பத்தால் மழைக்காட்டுக்குள் வந்தபோது தம் பழக்கத்தையும் கூடவே கொண்டுவந்தன என்றுதான் அதை நான் படிக்கிறேன். ஆனாலும் அங்கே அவர்கள் முதலில் செய்தது என்ன? மரம் நட்டார்களா? தேவையே இல்லை, காடு இருக்கிறது. அணை கட்டினார்கள், தொட்டி கட்டினார்கள், குழாய் பதித்தார்கள். நீரை ஆளாமல் தோட்டம் என்று ஒன்றை அவர்களால் நினைத்துக்கூடப் பார்க்க முடியவில்லை.

மூன்றாவது மறுப்பு அறத்தைப் பற்றியது; எனக்குப் பிடித்ததும் அதுதான். குடியானவனின் வயல் காயும்போது மன்னனின் தோட்டத்தில் தாரை கொப்புளிப்பது என்ன நியாயம்? மதிலுக்கு உள்ளே இருக்கும் பசுமை, மதிலுக்கு வெளியே இருப்பவனிடமிருந்து பறித்தது இல்லையா? இந்தக் கேள்வியை அழகு என்ற போர்வையால் மூடக் கூடாது. அரசத் தோட்டங்கள் அதிகாரத்தின் காட்சிகள்தாம். கிரேக்க எழுத்தாளர் செனஃபோன் ஒரு நிகழ்ச்சியை எழுதியிருக்கிறார்: ஸ்பார்ட்டாவின் தளபதி லைசாண்டர் சார்டிஸ் நகரில் பாரசீக இளவரசர் இளைய சைரஸின் தோட்டத்தைப் பார்த்து, மரங்கள் நேர்வரிசையில் நிற்பதை வியக்கிறார், இளவரசரோ, திட்டம் போட்டதும் நானே, சில மரங்களை நட்டதும் நானே என்று பெருமை அடித்துக்கொள்கிறார். அந்தப் பெருமை தன் செல்வத்தைக் காட்டும் பெருமைதான். ஆனால் மறுப்பின் இரண்டாம் பாதியை அப்படியே ஏற்க முடியாது. கனாத் நீர் பெரும்பாலும் பங்குநீர். யாருக்கு எவ்வளவு நேரம் என்பது முறைவைத்துத் தீர்மானிக்கப்பட்டது. அடியில் துளையிட்ட கிண்ணத்தை நீரில் மிதக்கவிட்டு, அது நிறைந்து மூழ்கும் நேரத்தை ஓர் அளவாகக் கொண்டு பங்கு பிரித்தார்கள். நம் முன்னோர் பொழுதளந்த நாழிகை வட்டிலும் அதே கருவிதான். தோட்டத்துக்குள் ஓடிய நீரில் பெரும்பகுதி தோட்டத்தோடு முடிந்துவிடவில்லை; பஹ்லவான்பூரில் பார்த்தோமே, அடுத்த நிலத்துக்குப் போனது. எல்லா அரசரும் இப்படி நியாயமாக நடந்தார்கள் என்று நான் சான்றிதழ் கொடுக்கவில்லை. நீரை அளக்கத் தெரிந்த ஒரு சமூகத்தின் தோட்டத்தை வெறும் ஊதாரித்தனம் என்று தள்ளிவிட முடியாது என்று மட்டும் சொல்கிறேன்.

வடிவத்தை நிர்ணயிப்பது நீர்தான் என்பதற்கு நம் நாட்டிலேயே ஒரு பெரிய சோதனை நடந்திருக்கிறது. 1526-இல் பானிப்பட்டில் வென்று ஆக்ராவுக்கு வந்த பாபர், தம் நினைவுக் குறிப்புகளில் இந்துஸ்தானத்தில் ஓடும் நீர் இல்லை என்று குறைபட்டுக்கொள்கிறார். யமுனை பக்கத்தில் ஓடுகிறதே என்று நாம் கேட்கலாம். ஆறு ஓடுகிறது, ஆனால் தாழ்வில் ஓடுகிறது, சரிவு இல்லை. தோட்டத்துக்குள் தானாக வந்து நுழைகிற நீர்தான் அவருக்கு நீர். ஆகவே சக்கரம் வைத்து இறைத்துத் தோட்டம் போட்டார். அவருடைய வழித்தோன்றல்கள் தாஜ்மகாலில் என்ன செய்தார்கள்? ஆற்று நீரைக் காளைகள் பூட்டி இறைத்து, உயரத் தொட்டிகளில் ஏற்றி, அங்கிருந்து குழாய் வழியே கீழே விட்டார்கள். நம் கிணற்றடிக் கவலைதான். மாட்டை முன்னும் பின்னும் நடத்தி நீர் இறைக்கும் அதே வேலை. மலை இல்லாத சமவெளியில் மாடுகளைக் கொண்டு ஒரு செயற்கை மலையை உண்டாக்கினார்கள் என்று சொல்லலாம். அதே குடும்பத்தைச் சேர்ந்த ஜஹாங்கீர் 1619-இல் காஷ்மீரில் ஷாலிமார் தோட்டம் அமைத்தபோது மலைநீர் தானே வந்தது. உடனே தோட்டம் படிப்படியாக இறங்கத் தொடங்கிவிட்டது, அருவிகள் திரும்பி வந்துவிட்டன. ஒரே குலம், ஒரே ரசனை, ஒரே நூற்றாண்டு. நீர் மாறியது, தோட்டமும் மாறியது.

ஜெய்ப்பூரின் ஆல்பர்ட் ஹால் அருங்காட்சியகத்தில் ஒரு பாரசீகக் கம்பளம் இருக்கிறது. 1632-க்கு முன் நெய்தது. தோட்டம் ஒன்றையே கம்பளமாக நெய்திருக்கிறார்கள்: மேலிருந்து பார்ப்பதுபோல் வாய்க்கால்கள், வாய்க்கால்களில் நீந்தும் மீன்கள், அவற்றுக்கு இடையே கட்டம் கட்டமாக மரங்கள். நெசவாளர் மரத்தைப் பக்கவாட்டிலிருந்து வரைகிறார். நீரை மட்டும் வானத்திலிருந்து பார்த்து வரைகிறார். தோட்டத்தின் வரைபடம் என்று அவர் கருதியது நீரின் வரைபடத்தைத்தான். விசா வாங்க முடியாதவர்கள் அங்கே போய்ப் பாருங்கள். டிக்கெட் விலைக்கு நல்ல பாடம்.

கடைசியாக, இன்றைய நிலை. 2011-இல் யுனெஸ்கோ ஒன்பது பாரசீகத் தோட்டங்களை உலக மரபுச் சின்னங்களாக அறிவித்தது. 2016-இல் பதினொரு கனாத்துகளைத் தனியாக அறிவித்தது. இரண்டும் நல்ல காரியம்தான். ஆனால் இந்தத் தனித்தனிப் பட்டியல் எனக்கு நெருடுகிறது. 20-ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் மோட்டார் பொருத்திய ஆழ்குழாய்க் கிணறுகள் ஈரானின் சமவெளிகளில் பெருகின. நிலத்தடி நீர்மட்டம் இறங்கியது, தாய்க்கிணறுகள் வறண்டன, நூற்றாண்டுகளாக ஓடிய கனாத்துகள் பல நின்றுபோயின. இஸ்ஃபஹானின் சாயந்தே ஆறு ஆண்டில் பல மாதம் வெறும் மணலாகக் கிடக்கிறது; புகழ்பெற்ற பாலங்களின் அடியில் சிறுவர்கள் விளையாடுகிறார்கள். மண்டபத்துக்கு வண்ணம் பூசி, ஓடு மாற்றி, சுற்றுலாப் பலகை வைத்து, தாரைக்கு மின்மோட்டாரில் நீர் சுற்றவிட்டால் தோட்டம் காப்பாற்றப்பட்டதாகிவிடுமா? ஆகாது என்பதுதான் இந்த உரையின் தீர்ப்பு. மேட்டில் உள்ள ஊற்றும் மண்ணுக்கடியில் உள்ள சுரங்கமும் தோட்டத்தின் பகுதிகளே. அவற்றை விட்டுவிட்டு மதிலுக்கு உள்ளே இருப்பதை மட்டும் பாதுகாப்பது பாதித் தோட்டத்தைப் பாதுகாப்பதுதான்.

உங்களில் யாரேனும் என்றாவது அந்த நாட்டுக்குப் போக நேர்ந்தால், சித்திரை, வைகாசி மாதங்களில் போங்கள்; காஷான் பக்கம் பன்னீர் காய்ச்சும் காலமும் அதுதான். வாயிலில் சீட்டு வாங்கும்போது தண்ணீர் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்று கேளுங்கள். முடிந்தால் உள்ளே போவதற்கு முன்பே அந்தப் பக்கம் போய் ஒரு முறை பார்த்துவிட்டு வாருங்கள். ஃபின் தோட்டத்தில் அது கடினம் இல்லை. சுலைமானியா ஊற்று பின்மதிலுக்கு அப்பால், சரிவிலேயே இருக்கிறது, நடந்தே போகலாம்.